சட்டகமா, வாய்பாடா?

அண்மைக் காலமாக எமது கருத்தரங்குகளிலும் பத்திரிகைக் கட்டுரைகளிலும் 'பரடைம்' என்னும் ஆங்கிலச் சொல் தாராளமாகப் புழங்கி வருகின்றது. ஓர் அமைச்சு தனது சுற்றறிக்கையைத் திருத்தினாலும் 'பரடைம் மாற்றம்'. ஒரு வங்கி புதிய வைப்புத் திட்டத்தை அறிமுகம் செய்தாலும் 'பரடைம் மாற்றம்'. தமிழில் இதனைச் 'சிந்தனைச் சட்டகம்' என எழுதுவோர் உளர். அதில் பிழையில்லை. ஆயினும், சொல்லின் பாதிப் பொருளே அதில் அடங்கியுள்ளது என்பது எனது அபிப்பிராயம்.

இச்சொல்லின் மூலம் கிரேக்க மொழியில் உள்ள 'பரதெய்க்மா'. அருகில் வைத்துக் காட்டுவது, அதாவது மாதிரி அல்லது எடுத்துக்காட்டு என்பது அதன் பொருள். பிளேட்டோ இதனைக் கையாண்டிருக்கின்றார். பிற்காலத்தில் இலத்தீன் இலக்கண ஆசிரியர்கள், ஒரு வினைச்சொல்லின் வடிவங்களை வரிசைப்படுத்திக் காட்டி, ஏனைய சொற்களையும் அவ்வாறே அமைத்துக்கொள்ளுமாறு கற்பித்தார்கள். அந்த வரிசைக்கும் இதுவே பெயராயிற்று.

பௌதிகவியல் பயின்று விஞ்ஞான வரலாற்றுக்கு வந்த அமெரிக்கரான தோமஸ் கூன், 1962இல் வெளியிட்ட 'விஞ்ஞானப் புரட்சிகளின் கட்டமைப்பு' என்னும் நூலே இச்சொல்லை உலகெங்கும் பரப்பியது. பூமியை மையமாகக் கொண்ட தொலமியின் வானியலுக்குப் பதிலாகக் கொப்பர்நிக்கஸ் 1543இல் சூரியனை மையமாக்கினார் அல்லவா? அத்தகைய பெருமாற்றங்களை விளக்கவே கூன் இச்சொல்லை எடுத்தாண்டார். அந்நூலில் இச்சொல் 21 வெவ்வேறு பொருள்களில் வருவதாக மார்கிரட் மாஸ்டர்மன் எண்ணிக் காட்டினார். 1970இல் வந்த இரண்டாம் பதிப்பின் பின்னுரையில் கூன் இரண்டு பொருள்களைப் பிரித்துரைத்தார். ஒன்று, ஓர் அறிஞர் குழாம் பகிர்ந்துகொள்ளும் நம்பிக்கைகள், பெறுமானங்கள், வழிமுறைகள் ஆகியவற்றின் தொகுதி. மற்றையது, மாணவன் பார்த்துப் பழகும் தீர்க்கப்பட்ட கணக்கு. இரண்டாவதே ஆழமானது என அவர் கருதினார்.

'சட்டகம்' முதலாவது பொருளைத் தருகின்றது. இரண்டாவது பொருளுக்கு எம்மிடம் பழஞ்சொல் ஒன்றுண்டு: வாய்பாடு. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று யாப்பிலக்கணம் கூறும் சொற்கள் வாய்பாடுகளே. 'நேர் நேர்' என்னும் விதியைத் 'தேமா' என்ற ஒரு சொல்லை முன்வைத்தே மாணவனின் காதில் பதிய வைத்தார்கள். பெருக்கல் அட்டவணைக்கும் அதுவே பெயர். விளங்குவதற்கு முன்னரே மனதில் பதிந்துவிடுவது வாய்பாடு.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஒரு பத்திரிகையாளன் செய்தி எழுதக் கற்பதும் இவ்வாறுதான். எது தலைப்பு, யாருடைய கூற்று முதற்பந்தியில் வரவேண்டும் என்பவற்றைப் பழைய செய்திகளைப் பார்த்தே அவன் பழகுகின்றான். அதிகாரியின் அறிக்கை முதலிலும், வீடிழந்தவரின் குரல் கடைசிப் பந்தியிலும் வரும் செய்தி வாய்பாட்டை யாரும் சட்டமாக இயற்றவில்லை. இனவாதச் சிந்தனையும் பெரும்பாலும் இப்படியே கைமாறுகின்றது. வாதம் செய்து அதனைக் கற்றவர்கள் சிலரே. வீட்டிலும் பாடநூலிலும் திரும்பத் திரும்பக் கேட்ட கதைகளால் கற்றவர்களே பலர்.

ஆகவே, மனப்பாங்கை மாற்ற விரும்புவோர் கருத்தரங்கு மேடையில் மாற்றத்தைப் பிரகடனம் செய்வதால் மட்டும் பயனில்லை. பிள்ளைகளும் இளம் நிருபர்களும் பார்த்துப் பழகும் எடுத்துக்காட்டுகளை முதலில் மாற்றட்டும்.