டொம்மும் ஜெரியும் ஆருக்குச் சொந்தம்?

கொஞ்ச நாளுக்கு முதல் ஒரு சனசமூக நிலையத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படம் காட்டினோம். ஒரு வெள்ளைத் துணி, இரவல் வாங்கின புரொஜெக்டர், ஒரு ஸ்பீக்கர், அவ்வளவுதான். என்ன படம் போடுவது என்று எங்களுக்குள் இரண்டு நாள் இழுபறி நடந்தது. கடைசியில் டொம் அன்ட் ஜெரியில் வந்து நின்றோம். அதற்கு மொழி தேவையில்லை. மூன்று வயதும் பார்க்கும், கதவோரத்தில் நின்ற அம்மம்மாவும் பார்ப்பா.

முதல் படம் முடிந்ததும் முன்னுக்கு இருந்த ஒரு பிள்ளை கேட்டது: "அண்ணா, இதை ஆர் கீறினது?"

எங்களில் ஒருவர் யோசிக்காமல் "வோர்னர் பிரதர்ஸ்" என்றார்.

"பிரதர்ஸ் எண்டால் அண்ணன் தம்பியோ? எத்தினை பேர்?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் சாமான்களைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழியில் அந்தப் பதில் எங்களை உறுத்தியது. ஏனென்றால் அது பிழை. டொம்மையும் ஜெரியையும் வோர்னர் பிரதர்ஸ் கீறவில்லை. அவர்கள் அதை வைத்திருக்கிறார்கள். கீறுவதும் வைத்திருப்பதும் ஒன்றில்லை. இந்தக் கட்டுரை அந்த வித்தியாசத்தைப் பற்றியது.

1940 பெப்ரவரியில் எம்ஜிஎம் நிறுவனம் ஒரு குட்டிப் படத்தைத் திரையரங்குகளுக்கு அனுப்பியது. அந்தக் காலத்தில் பெரிய படம் தொடங்க முதல் திரையில் ஓடுவதற்காகவே கார்ட்டூன்கள் செய்யப்பட்டன. படத்தின் பெயர் 'புஸ் கெட்ஸ் த பூட்'. அதில் பூனையின் பெயர் ஜாஸ்பர். படத்தை இயக்கியவர்கள் வில்லியம் ஹனா, ஜோசப் பார்பெரா என்ற இரண்டு இளைஞர்கள். ஆனால் திரையில் வந்த பெயர் ருடோல்ஃப் ஐசிங் என்ற அவர்களுடைய மேலாளருடையது. ஆகவே பெயர் காணாமற்போகிற கதை முதல் படத்திலேயே தொடங்கிவிட்டது.

ஸ்டூடியோவின் கார்ட்டூன் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த ஃபிரெட் குயிம்பிக்கு பூனை–எலிக் கதையைத் தொடர்வதில் பெரிய விருப்பம் இருக்கவில்லை. டெக்சாஸில் திரையரங்குத் தொழிலில் இருந்த பெஸா ஷோர்ட் என்ற பெண், அந்தப் பூனை–எலிப் படம் இன்னும் வருமா என்று கேட்டு எழுதிய கடிதம்தான் மனதை மாற்றியது என்று சொல்வார்கள். படம் ஒஸ்காருக்கும் பரிந்துரைக்கப்பட்டது. பிறகு ஸ்டூடியோவுக்குள்ளேயே பெயர் வைக்கும் போட்டி வைத்தார்கள். ஜோன் கார் என்ற அனிமேட்டர் எழுதிக்கொடுத்த 'டொம் அன்ட் ஜெரி' தெரிவானது. அவருக்குக் கிடைத்த பரிசு 50 டொலர். உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு பெயருக்கு 50 டொலர்!

அதன் பிறகு 1958 வரை ஹனாவும் பார்பெராவும் 114 படங்கள் செய்தார்கள். ஏழு படங்களுக்கு ஒஸ்கார் கிடைத்தது. மேடையில் ஏறி அதை வாங்கியவர் குயிம்பி, ஏனென்றால் விருது தயாரிப்பாளருக்குத்தான் போகும். படத்தைக் கற்பனை செய்தவர்கள் மேடையில் இருக்கவில்லை.

இரண்டு பேரை மட்டும் சொல்லி நிறுத்தினால் நாங்களும் அதே பிழையைத்தான் செய்வோம். ஏழு நிமிடப் படம் என்றால், செக்கனுக்கு 24 சட்டகம் என்ற கணக்கில், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சட்டகங்கள். ஒரு கீறலை இரண்டு சட்டகத்துக்கு வைத்தாலும் ஐயாயிரம் கீறல்கள். டொம்மின் முகம் கோணுவதையும் ஜெரியின் காது துடிப்பதையும் கையால் கீறியவர்கள் கென்னத் மியூஸ், இர்வன் ஸ்பென்ஸ், எட் பார்ஜ், ரே பற்றர்சன் போன்றவர்கள். அந்தக் கீறல்களைக் கண்ணாடித்தாளில் மையால் பிரதி எடுத்து நிறம் தீட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களின் பெயர் திரையில் வரவேயில்லை. வசனமில்லாத படத்தை வசனம்போல் பேச வைத்தது ஸ்கொட் பிராட்லியின் இசை. டொம் அடிவாங்கிக் கத்துகிற அந்தக் கத்தல்கூட ஹனாவின் சொந்தக் குரல்தான்.

1957இல் எம்ஜிஎம் கார்ட்டூன் ஸ்டூடியோவை மூடியது. படங்கள் ஓடவில்லை என்பதற்காக இல்லை. பழைய படங்களைத் திரும்ப வெளியிட்டாலே புதுப் படத்துக்குக் கிட்டவான வருமானம் வருகிறது என்று கணக்குப் பார்த்தார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கோ. தாங்கள் நன்றாகச் செய்த வேலையே தங்கட வேலையைப் பறித்தது. பழைய 114 படங்களும் அவர்களுடையதாக இருந்திருந்தால், திரும்பத் திரும்ப ஓடுவது அவர்களுக்கு ஓய்வூதியம் மாதிரி இருந்திருக்கும். அவை கம்பனியினுடையவை. அதனால் வேலைநீக்கக் கடிதம் ஆகிவிட்டது.

பிறகு எம்ஜிஎம்முக்குப் புதுப் படங்கள் தேவைப்பட்டன. செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரில் வேலை செய்த அமெரிக்க இயக்குநர் ஜீன் டைச்சிடம் கொடுத்தார்கள். 1961–62இல் 13 படங்கள் வந்தன. பனிப்போர்க் காலம். கம்யூனிச நாட்டில் செய்தது என்று தெரியக்கூடாது என்பதற்காக செக் கலைஞர்களின் பெயர்கள் ஆங்கிலப் பெயர் மாதிரி மாற்றப்பட்டன. வாத்ஸ்லாவ் லீடல் என்ற இசையமைப்பாளர் 'விக்டர் லிட்டில்' ஆனார். மற்ற டொம் அன்ட் ஜெரி படங்களில் வருகிற 'ஹொலிவூட்டில் செய்யப்பட்டது' என்ற வரியும் இவற்றில் இருக்கவில்லை. 1963 முதல் 1967 வரை சக் ஜோன்ஸ் குழு 34 படங்கள் செய்தது. எல்லாம் கூட்டினால் திரையரங்குக்கென்று வந்தவை 161.

இனி சொத்தின் கதை. 1986இல் டெட் டேர்னர் எம்ஜிஎம்மை வாங்கினார். கடன் கழுத்தை நெரிக்க, சில மாதங்களிலேயே ஸ்டூடியோவைத் திருப்பி விற்றார், ஆனால் பழைய படங்களின் களஞ்சியத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். 1991இல் ஹனாவும் பார்பெராவும் பிற்பாடு தொடங்கிய ஹனா-பார்பெரா நிறுவனத்தையும் வாங்கினார். இந்த இரண்டையும் வைத்துத்தான் 1992இல் கார்ட்டூன் நெட்வேர்க் தொடங்கியது. 1996இல் டேர்னரின் நிறுவனம் டைம் வோர்னருடன் சேர்ந்தது. 2018இல் அதை ஏடி அன்ட் டி வாங்கியது. 2022இல் அதுவே வோர்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி ஆனது. அதே 2022இல் எம்ஜிஎம்மை அமேசன் வாங்கியது. ஆக, படத்தின் தொடக்கத்தில் கர்ச்சிக்கிற சிங்கம் ஒரு கம்பனியிடம், அதற்குப் பின்னால் ஓடுகிற பூனையும் எலியும் இன்னொரு கம்பனியிடம்.

இன்னொரு வேடிக்கை. டொம் பியானோ வாசிக்கிற 'த கற் கொன்சேர்டோ' படமும், பக்ஸ் பனி பியானோ வாசிக்கிற 'ரப்சடி ரபிட்' படமும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில், ஒரே லிஸ்ட் இசையில் வந்தன. எம்ஜிஎம்மும் வோர்னரும் ஒருவரையொருவர் 'கொப்பி அடிச்சது நீ' என்று குற்றம் சாட்டினார்கள். ஒஸ்கார் டொம்முக்குப் போனது. அந்தச் சண்டைக்குப் பல வருடங்களுக்குப் பிறகு இரண்டு படமும் ஒரே அலுமாரிக்குள் வந்து சேர்ந்தன. ஆர் ஆரைப் பார்த்துச் செய்தார்கள் என்பது, இரண்டுக்கும் சொந்தக்காரருக்கு இனி ஒரு கவலையே இல்லை.

இதைக் கேட்டால் சிலர் சொல்வார்கள்: "சம்பளம் வாங்கித்தானே கீறினவை? வாங்கினவன் வைச்சிருக்கிறான். இதிலை என்ன அநியாயம்?" நியாயமான கேள்விதான். கம்பனி காசு போட்டிராவிட்டால் 161 படங்கள் வந்திரா. டேர்னர் அவற்றைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்திராவிட்டால் எங்கட வயதுக்காரர் பலர் டொம்மைப் பார்த்தேயிருக்க மாட்டோம். இதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் எங்களுக்கு மூன்று விஷயத்தில் உடன்பாடில்லை.

ஒன்று, காலம். முதல் படம் வந்த 1940இல் இருந்த அமெரிக்கச் சட்டப்படி ஒரு படைப்புக்கு 28 வருடப் பாதுகாப்பு, புதுப்பித்தால் இன்னொரு 28. மொத்தம் 56. அதாவது, 1996 முடிய அந்தப் படம் எல்லோருக்கும் பொதுவாகியிருக்க வேணும். ஆனால் 1976இல் சட்டத்தை மாற்றி 75 வருடம் ஆக்கினார்கள். 1998இல் 95 ஆக்கினார்கள். இப்போது 2035 முடியும்வரை காத்திருக்க வேணும். ஹனா 2001இல் இறந்தார், பார்பெரா 2006இல். கூட்டிய வருடங்களால் 1940இல் கீறியவருக்கு ஒரு புது ஊக்கமும் வரப்போவதில்லை. அந்தப் படம் ஏற்கனவே கீறி முடிந்தது. லாபம் அலுமாரியின் திறப்பு ஆரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான்.

இரண்டு, திருத்துகிற அதிகாரம். பழைய படங்களில் வீட்டு வேலை செய்கிற ஒரு கறுப்பினப் பெண் வருவா. பெரும்பாலும் காலும் செருப்பும்தான் தெரியும், முகம் தெரியாது. அது கறுப்பினப் பெண்களை ஒரே அச்சில் வார்த்த இழிவான சித்திரிப்பு. அன்றே எதிர்ப்பு இருந்தது. 1952க்குப் பிறகு அந்தப் பாத்திரம் வரவில்லை. ஆனால் அதற்குக் குரல் கொடுத்த லிலியன் ரண்டொல்ஃப் ஒரு உண்மையான கறுப்பினக் கலைஞர். அவவின் பெயர் திரையில் போடப்படவில்லை. 1960களில் தொலைக்காட்சிக்காக அந்தப் பெண்ணை வெள்ளைக்காரியாக மாற்றிக் கீறி வேறு குரல் போட்டார்கள். 1990களில் இன்னொரு தடவை வேறு குரல் போட்டார்கள். முதலில் பெயர் இல்லை, பிறகு குரலும் இல்லை. சில படங்களை டிவிடி தொகுப்புகளில் விட்டுவிட்டார்கள்.

எங்கட நிலைப்பாடு இது. அந்தக் காட்சிகளை விளக்கமில்லாமல் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டக்கூடாது. நாங்களும் அன்றைக்கு அவற்றைத் தவிர்த்துத்தான் படங்களைத் தெரிவு செய்தோம். ஆனால் விளங்கக்கூடிய வயதினருக்கு, முன்னுரையோடு, வெட்டாமல் கிடைக்க வேணும். அழித்துவிட்டால் அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்று ஆகிவிடும். பிழையை மறைக்கிறதும் பிழையைத் திருத்துறதும் ஒன்றில்லை. அதை மறைக்கவா காட்டவா என்று ஒரு கம்பனி மட்டும் முடிவெடுப்பதுதான் எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

மூன்று, பெயர். சம்பளம் வேலைக்கான விலை. பெயரை ஆரும் விற்கவில்லை. உரிமை கம்பனிக்குப் போகட்டும், பெயர் ஏன் கூடப் போக வேணும்?

இது தூர நாட்டுக் கதை, எங்களுக்கென்ன என்று நினைக்கலாம். எங்கட வயதில் எத்தனை பேர் வீட்டில் இருந்து லாப்டொப்பில் வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு லோகோ, அனிமேஷன், வீடியோ எடிட் செய்துகொடுக்கிறம்? வேலை போகும், காசு வரும், பெயர் எங்கேயும் வராது. 'விக்டர் லிட்டில்' ஆன வாத்ஸ்லாவ் லீடலின் நிலைமை எங்களுக்கு அவ்வளவு தூரமில்லை. எங்களில் ஒருவர் கீறிய ஒரு சுவரொட்டி, அவருடைய கையெழுத்து வெட்டப்பட்டு வேறொரு நிகழ்ச்சிக்குப் பயன்பட்டதை நாங்களே பார்த்தோம். கேட்டதற்கு வந்த பதில்: "காசு தந்தனாங்கள்தானே?"

எங்களிலும் பிழை இருக்கிறது. அன்றைய படக்காட்சிக்கு நாங்கள் செய்த அறிவித்தலில் டொம், ஜெரி படம் இருந்தது, எங்கட குழுவின் பெயர் பெரிதாக இருந்தது. கீறியவர் ஒருவரின் பெயரும் இருக்கவில்லை. அனுமதி கேட்டோமா என்றால் அதுவும் இல்லை. சின்ன வயதில் கடையில் வாங்கிய கொப்பி சீடியில் பார்த்து வளர்ந்த ஆக்கள் நாங்கள். உரிமையைப் பற்றி மற்றவருக்குப் பாடம் எடுக்கும் தகுதி எங்களுக்குக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் பெயரைச் சொல்ல அனுமதியும் தேவையில்லை, காசும் தேவையில்லை. அதைக்கூடச் செய்யவில்லை என்பதுதான் வெட்கம்.

அதனால் அடுத்த சனிக்கிழமை படம் தொடங்க முதல் கரும்பலகையில் எழுதினோம்: ஹனா, பார்பெரா, மியூஸ், ஸ்பென்ஸ், பார்ஜ், பற்றர்சன், பிராட்லி, ரண்டொல்ஃப். கீழே 'இன்னும் பெயர் போடாத நிறையப் பேர்' என்றும் எழுதினோம். அதே பிள்ளை எழுத்துக்கூட்டி வாசித்து முடித்துவிட்டுக் கேட்டது: "இவ்வளவு பேரும் சேர்ந்தா ஒரு எலியைக் கீறினவை?"

ஓம், இவ்வளவு பேரும் சேர்ந்துதான்.

உங்களிடம் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த தடவை ஒரு கார்ட்டூனையோ குறும்படத்தையோ ஒரு சுவரொட்டியையோ பகிரும்போது, செய்தவர் பெயரைத் தேடி ஒரு வரி சேருங்கோ. நீங்கள் ஒரு வேலைக்குக் கையெழுத்து வைக்க முதல், என் பெயர் எங்கே வரும் என்று ஒரு தடவை கேளுங்கோ. அவர்கள் இல்லை என்று சொல்லலாம். கேட்காமல் விட்டால் அதுவும் எங்களுக்குத் தெரியாமற்போகும்.