ராட்டினங்களும் ஜனங்களின் உயிரும்

நீலகிரியில் சோலூரை அடுத்த கிளன்மார்கனிலிருந்து சிங்காராவை நோக்கிச் சரிவில் இறங்கும் வின்ச் பாதையைப் பார்த்தவர்கள், ஓர் இரும்புக் கயிற்றை நம்பி மனிதன் தன் உடலை ஒப்படைப்பது எத்தகைய காரியம் என்பதை உணர்ந்திருப்பார்கள். அது பைக்காரா மின்சார நிலையத்தின் வேலைக்காக ஏற்பட்டது, வேடிக்கைக்காக அன்று. ஆனால் இன்று ஏராளமான ஜனங்கள், பெரும்பாலும் குழந்தை குட்டிகளுடன், வேடிக்கைக்காகவே அதனினும் பன்மடங்கு வேகமுள்ள யந்திரங்களில் ஏறிச் சுழல்கிறார்கள். அவர்களுடைய உயிருக்கு ஜவாப்தாரி யார் என்பதே நாம் கேட்க விரும்பும் கேள்வி.

நடந்தவற்றைச் சற்று நினைவுகூர்வோம். 2016 மே மாதத்தில் தாம்பரத்தை அடுத்த கிஷ்கிந்தா பூங்காவில் புதிய ராட்டினமொன்றின் சோதனை ஓட்டத்தில் ஊழியர் ஒருவர் மாண்டார், பலர் காயமுற்றனர். மணல் மூட்டைகளை ஏற்றிப் பார்க்க வேண்டிய யந்திரத்தில் மனிதர்களை ஏற்றிப் பார்த்ததை என்னவென்று சொல்வது! 2019 ஜூலை 14-ந் தேதி ஆமதாபாத் காங்கரியா ஏரிக்கரையில் ஊசல் ராட்டினத்தின் பிரதானக் குழாய் முறிந்து இருவர் இறந்தனர். 2022 செப்டம்பரில் மொஹாலிப் பொருட்காட்சியில் உயரத்திலிருந்து ஆசனங்கள் அப்படியே தரையில் வந்து மோதின. 2025 ஏப்ரலில் தில்லியில் ரோலர் கோஸ்டரிலிருந்து விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்தார். மறுமாதம் 27-ந் தேதி சென்னை ஈஞ்சம்பாக்கத்தில், வி.ஜி.பி. பூங்காவின் ராட்டினம் அந்தரத்தில் நின்றுவிட, முப்பதுக்கு மேற்பட்டோர் சுமார் மூன்று மணி நேரம் தவித்தனர். தீயணைப்புப் படையார் வந்தே அவர்களை இறக்க வேண்டியதாயிற்று.

ஒவ்வொரு தடவையும் நடப்பது ஒன்றே. போலீஸார் வழக்குப் பதிவு செய்கிறார்கள், சிலர் கைதாகிறார்கள், பூங்கா சில நாள் பூட்டப்படுகிறது. ஏன் முறிந்தது, யார் பரீட்சித்தார், என்று பரீட்சித்தார் என்னும் விவரங்கள் பொதுஜனங்களுக்கு எட்டுவதே இல்லை.

மேல்நாட்டில் விபத்து நடப்பதில்லை என்று நாம் கூறவில்லை. 2015 ஜூன் 2-ந் தேதி இங்கிலாந்தில் ஆல்ட்டன் டவர்ஸ் பூங்காவின் ரோலர் கோஸ்டரில், ஆட்கள் நிறைந்த வண்டியொன்று பாதையில் நின்றுபோயிருந்த வெறும் வண்டியின்மீது மோதிற்று. பதினாறு பேர் காயமடைந்தனர். இரு இளம்பெண்கள் தலைக்கு ஒரு காலை இழந்தனர். இதில் கவனிக்கத்தக்கது யாதெனில், யந்திரம் பழுதுபடவில்லை. ரயில்வேயில் ஒரு வண்டி நிற்கும் பகுதிக்குள் மற்றொரு வண்டியை விடாதது போலவே, அந்தக் கோஸ்டரும் தானாக நிறுத்திக்கொண்டது. வெறும் வண்டி நிற்பதை அறியாத பொறியாளர்கள், யந்திரம்தான் பிழை செய்கிறதென்று எண்ணி, தடையை விலக்கி ஓட்டிவிட்டார்கள். அந்நாட்டு அதிகாரிகள் அந்த ஊழியர்கள் தலையில் பழியைக் கட்டித் தப்பவில்லை. தக்க முறைகளை வகுத்துக் கொடுக்காத கம்பெனியையே கோர்ட்டுக்கு இழுத்தனர். 2016-ல் ஐம்பது லட்சம் பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. நம் நாட்டிலோ முதலில் கைதாகிறவன் பொத்தானை அழுத்தும் கூலிக்காரன்.

ஊட்டி மலை ரயிலை எடுத்துக்கொள்வோம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பற்சக்கரம் தண்டவாளப் பல்லைக் கவ்வி ஏறுகிறது. பிரேக்குகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக உள்ளன. இவை இருந்தும், நம் தேசத்தில் புதிய ரயில் பாதை எதுவும் பாதுகாப்பு கமிஷனரின் அனுமதியின்றி ஜனங்களுக்குத் திறக்கப்படுவதில்லை. அந்தக் கமிஷனரோ ரயில்வே மந்திரி இலாகாவுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். விமானப் போக்குவரத்து இலாகாவின் கீழ் உள்ளவர். ஓட்டுகிறவனே பரீட்சகனாக இருத்தல் கூடாது என்பது இதன் தத்துவம். ராட்டினத்துக்கு அத்தகைய அதிகாரி எங்கே? இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனம் விதிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. அவற்றைக் கட்டாயமாக்க மத்திய சட்டம் ஏதும் இல்லை. காங்கரியா ஏரிக்கரையை நிர்வகிப்பதே நகரசபைதான்! வாடகை வாங்கும் கையே அனுமதிச் சீட்டிலும் கையெழுத்திடலாமா?

பழனியில் 2007-ல் ரோப் கார் விபத்தில் நால்வர் மாண்டனர். இப்போது அங்கே மாதந்தோறும் ஒரு நாளும், வருஷத்தில் சுமார் ஒரு மாதமும் ரோப் காரை நிறுத்திப் பராமரிக்கிறார்கள். அதை முன்கூட்டி விளம்பரமும் செய்கிறார்கள். பக்தர்கள் யாரும் கோபிப்பதில்லை. தனியார் பூங்காக்கள் மே மாதக் கூட்டத்தில் ஒரு ராட்டினத்தை ஒரு நாள் நிறுத்துவதற்கும் மனம் வருந்துகின்றனவே!

இவ்வளவு கண்டிப்பு ஏழை ராட்டினக்காரர்களின் பிழைப்பைக் கெடுக்கும் என்று ஆட்சேபிப்போர் உளர். 2024-ல் ராஜ்கோட் விளையாட்டுக் கூடத்தில் தீ மூண்டு இருபத்தேழு பேர் பலியான பிறகு குஜராத் சர்க்கார் விதிகளை இறுக்கியபோது, அவ்வூர்த் திருவிழாவின் ராட்டினக்காரர்கள் மண் பரிசோதனையும் கான்கிரீட் அடித்தளமும் தங்களுக்குக் கட்டாதென்று முறையிட்டனர். அவர்களுடைய கஷ்டத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. பரிசோதனைச் செலவைச் சர்க்கார் ஏற்கட்டும். அடித்தளத்தை ஸ்தல ஸ்தாபனமே நிரந்தரமாகக் கட்டி வாடகைக்கு விடட்டும். மண்ணைப் பார்க்காமல் விடுவதற்கு மட்டும் நாம் சம்மதியோம்.

சமவெளியில் உள்ள ஊர்களைவிட மலையூர்களுக்கு இது அதிக அவசியம். சரிவான நிலம், மழையில் இளகும் மண், இரும்பை அரிக்கும் ஓயாத ஈரம் ஆகிய மூன்றும் அங்கு ஒன்றுகூடுகின்றன. சோலூர் போன்ற ஒரு பேரூராட்சியிடம் பற்றவைப்பின் விரிசலைக் கண்டறியும் கருவியோ நிபுணரோ இருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமன்று. திருவிழாவுக்கு ராட்டினம் வந்து இறங்கினால், அதைப் பார்த்துச் சொல்லும் பொறியாளரை ஜில்லாக் கலெக்டர் அனுப்ப வேண்டும். அவருடைய பெயரும் பரீட்சித்த தேதியும் டிக்கெட் கொடுக்கும் இடத்தில் தமிழில் எழுதித் தொங்கவிடப்பட வேண்டும். சட்டசபை அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பிரஸ்தாபிப்பார்களா?