சிறுதொழிலும் பிறர் ஞானமும்

வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ தோல் பதனிட்டு ஜீவிக்கும் சிறு முதலாளி ஒருவர், தமக்கெனத் தனியே ஓர் ஆராய்ச்சிச் சாலை அமைத்துக்கொள்வது சாத்தியமன்று. ஆயினும் 1948-ல் சென்னையில் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் வாயில் அவருக்கும் திறந்தே இருக்கிறது. அதன் ஆய்வு எவ்வாறு உதவும் என்பதற்கு ஓர் உதாரணம்: தோலைப் பதனிடப் பழைய முறையில் இடப்பட்ட குரோமிய உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாது கழிவுநீரோடு போயிற்று. பாலாற்றுப் பிரதேசத்தின் நிலமும் கிணறும் தோல் கழிவால் பாழ்பட்டு, 1996-ல் உச்ச நீதிமன்றமே கண்டிப்புடன் தலையிட நேர்ந்தது. நீர் சேர்க்காமலே குரோமியம் ஏற்றும் முறையை அந்நிலையத்தார் பின்னர் கண்டனர். எனினும், ஆய்வுச் சாலையில் பிறந்த எந்த முறையும், தோலின் குணத்தைத் தடவியே அறியும் தொழிலாளியின் அனுபவத்தோடு கலந்து, தொழிற்சாலையின் டிரம்மில் பரீட்சிக்கப்பட்டாலொழிய, பூரணமாவதில்லை என்பதே என் திடமான அபிப்பிராயம்.

தொழிற்பக்குவத்தை அண்டை வீட்டாருக்கும் மறைக்கும் வழக்கமே, ஆய்வும் அனுபவமும் இவ்வாறு கலப்பதற்குப் பெருந்தடை. ஆனால் கழிவுநீர் விஷயத்தில் போட்டியாளர்களே பங்குதாரர்களாகிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துகிறார்களே! கழிவை ஒன்றுகூடிச் சுத்திகரிப்பவர்கள், அறிவையும் ஒன்றுகூடித் தேடலாகாதா? ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் பொதுச் செலவில் ஓர் இரசாயன நிபுணரை நியமித்து, ஆராய்ச்சி நிலையத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் இடையே தூதராக்க முன்வர வேண்டும்.