ரசீது கையில், நிலம் யார் கையில்?



ஆண்டுதோறும் நில அலுவலகத்தில் டி.ஓ.எல். எனும் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்துக்குப் பணம் கட்டிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பும் குடும்பங்கள் மலேசியாவில் இன்னும் நிறைய. "தாத்தா கட்டினார், அப்பா கட்டினார், நாங்களும் கட்டுகிறோம். இனி யார் எங்களை வெளியேற்ற முடியும்?" என்று கேட்பவர்களை நீங்களும் அறிவீர்கள். அவர்களை மனத்தில் வைத்தே இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

சட்டம் அந்த நம்பிக்கைக்குத் துணை நிற்கவில்லை. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி, டி.ஓ.எல். எந்த மாதத்தில் எடுத்தாலும் அந்த ஆண்டு டிசம்பர் 31-ஐத் தாண்டாது. அதைப் புதுப்பிக்கலாம், ஆனால் புதுப்பித்தே தர வேண்டும் என்ற கட்டாயம் அரசுக்கு இல்லை. உரிமத்தை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் அவரோடு முடிந்துவிடும். எத்தனை ஆண்டுகள் குடியிருந்தாலும், உரிமத்தோடு குடியிருந்தாலும்கூட, அரசு நிலம் அதனால் சொந்தமாகிவிடாது என்கிறது அதே சட்டத்தின் 48ஆம் பிரிவு.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு பினாங்கின் கம்போங் புவா பாலா. பழைய தோட்டத் தொழிலாளர்களின் வாரிசுகள் மாடு வளர்த்து, தலைமுறைகளாக வாழ்ந்த கிராமம் அது. நிலம் அரசு அதிகாரிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கைமாறியதும் கிராமத்தார் நீதிமன்றம் போனார்கள். தோட்ட உரிமையாளர் தங்களுக்காக விட்டுச்சென்ற நிலம் இது என்று வாதாடினார்கள். உயர் நீதிமன்றத்தில் கிடைத்த வெற்றி மேல்முறையீட்டில் பறிபோனது. 2009-இல் கூட்டரசு நீதிமன்றமும் கைவிரித்தது. அதே ஆண்டில் வீடுகள் இடிக்கப்பட்டன. அவர்கள் பெற்றிருந்த டி.ஓ.எல். அவர்களைக் காக்கவில்லை.

உரிமம் காலாவதியான பின் தொடுக்கும் வழக்கு ஏன் இவ்வளவு கடினம்? அரசு நிலத்தில் அனுமதியின்றிக் குடியிருப்பவருக்குச் சட்டப்படியும் உரிமையில்லை, நியாய நெறிப்படியும் உரிமையில்லை என்று பேராக் அரசு சம்பந்தப்பட்ட வழக்கில் 1982-இலேயே கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நேற்றுவரை பணம் கட்டியவரும் உரிமம் முடிந்த மறுநாள் அந்த வரிசைக்குத் தள்ளப்படலாம். அதன்பின் நிலம் யாருடையது என்று வாதாடுவதைவிட, அரசு முறைப்படி முடிவெடுத்ததா, பாதிக்கப்படுவோரின் பேச்சைக் கேட்டதா என்று கேட்பதற்கே ஓரளவு இடம் இருக்கும். அதற்கும் காலக்கெடு உண்டு. நீதிமன்றச் சீராய்வு மனுவை மூன்று மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நில நிர்வாகியின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் மூன்று மாதமே அவகாசம். வெளியேறச் சொல்லும் நோட்டீஸைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு, தேர்தல் வரட்டும், ஒய்.பி. எனும் மக்கள் பிரதிநிதியைப் பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் அந்தக் கதவும் சாத்தப்பட்டுவிடும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீடோ, கோயிலோ, மாட்டுக்கொட்டகையோ டி.ஓ.எல். நிலத்தில் இருந்தால் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். உரிமம் யார் பெயரில் இருக்கிறது, அவர் உயிரோடு இருக்கிறாரா, இந்த ஆண்டுக்குப் புதுப்பித்தாயிற்றா என்று சரிபாருங்கள். பெரியவர் காலமாகியிருந்தால் பிள்ளைகள் தங்கள் பெயரில் உடனே விண்ணப்பியுங்கள். உரிமம் உயிரோடு இருக்கும்போதே நிலப்பட்டா கேட்டு மாநில அரசுக்கு எழுதுங்கள். மனுவின் நகலில் நில அலுவலகத்தின் முத்திரை பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். வாய்மொழி வாக்குறுதி நீதிமன்றத்தில் நிற்காது.

மாநில அரசுகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உரிமத்தை முடிக்கச் சட்டம் உங்களுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. ஆனால் ஆண்டாண்டாகப் பணம் வாங்கிக்கொண்டு, அந்த மண்ணில் பிள்ளைகள் பிறந்து வளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்த அரசுக்குக் கடமையும் இருக்கிறது. மாற்று வீட்டின் சாவியைக் கையில் கொடுத்த பிறகே இடிக்கும் இயந்திரத்தை அனுப்புங்கள். சட்டம் கேட்கவில்லை என்பதற்காக மனிதநேயம் விலக்கப்பட வேண்டியதில்லை.

உங்கள் பகுதியில் டி.ஓ.எல். பட்டாவாக மாறிய அனுபவம் இருந்தால் எழுதி அனுப்புங்கள். ஒரு குடும்பம் கண்ட வழி இன்னொரு குடும்பத்துக்கும் உதவட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்