சான் ஜிமிஞ்யானோவை நோக்கி ஒரு பகல் நடை

இங்கிலாந்தின் கான்டர்பரி நகரில் தொடங்கி, பிரான்சையும் சுவிட்சர்லாந்தையும் கடந்து, ஆல்ப்ஸ் மலையேறி இறங்கி, உரோமாபுரியில் நிறைவுறும் பழைய யாத்திரை மார்க்கம் ஒன்று உண்டு. வியா ஃபிராஞ்சிஜெனா என்பது அதன் பெயர். நீளம் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். 990-ஆம் ஆண்டில் கான்டர்பரியின் பேராயர் சிகெரிக், தமது பதவிக்குரிய பாலியம் என்னும் கம்பளித் தோளாடையைப் போப்பாண்டவரிடம் பெறுவதற்காக உரோமாபுரி சென்றார். திரும்பும் வழியில் தங்கிய ஊர்கள் வரிசையாக எழுதி வைக்கப்பட்டன. ஏறத்தாழ 80 தங்கல்கள் கொண்ட அந்தச் சிறு பட்டியலே இன்று இம்மார்க்கத்தை மீட்டெடுக்க அடிப்படையாயிற்று. 1994-இல் ஐரோப்பிய மன்றம் இதனைப் பண்பாட்டுப் பாதையாக அறிவித்தது.

முழுவழியும் நடப்போர் சிலரே. ஒரே ஒரு பகல் நடந்து யாத்திரையின் சுவையை அறிய விரும்பும் முதியோர்க்கு இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில் அமைந்த ஒரு பகுதி ஏற்றது. காம்பாஸ்ஸி தெர்மே என்னும் சிற்றூரிலிருந்து சான் ஜிமிஞ்யானோ வரை செல்லும் இவ்வழி 13 அல்லது 14 கிலோமீட்டர். சிகெரிக்கின் பட்டியலில் இது 20-ஆம் தங்கலுக்கும் 19-ஆம் தங்கலுக்கும் இடைப்பட்டது. உரோமாபுரியிலிருந்து எண்ணியதால், உரோமை நோக்கி நடப்பவருக்கு எண்கள் இறங்குமுகமாக வரும்.

காம்பாஸ்ஸியை ஒட்டிக் கியான்னியில் உள்ள தூய மரியாள் ஆலயமே அந்த 20-ஆம் தங்கல். அங்கிருந்து வழி, திராட்சைத் தோட்டங்களுக்கும் ஒலிவ மரங்களுக்கும் இடையே, வெண்சரளைப் பாதைகளில் மேடேறியும் பள்ளமிறங்கியும் செல்கிறது. செங்குத்தான மலை இல்லை. ஆயினும் சமதளமும் இல்லை. இளையோர் நான்கு மணி நேரத்தில் கடப்பர். அறுபதைக் கடந்தோர் இளைப்பாறும் வேளையையும் சேர்த்து ஆறு மணி நேரம் ஒதுக்குவது நலம்.

பாதி வழிக்கு மேல் கடந்ததும் பான்கோலே திருத்தலம் எதிர்ப்படும். பாதை ஆலயக் கட்டடத்தின் வளைவுக்கு அடியிலேயே புகுந்து செல்கிறது. 17-ஆம் நூற்றாண்டில், பிறவி ஊமையான ஓர் ஆடு மேய்க்கும் சிறுமி, கொடிகள் மூடிக் கிடந்த சுவரோவியத்தில் தேவமாதாவைக் கண்டாள் என்றும், அன்றே பேச்சு வரப் பெற்றாள் என்றும், பஞ்சத்தில் வாடிய அவள் வீட்டில் உணவு நிறைந்திருந்தது என்றும் அவ்வூரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். 1944-இல் போரின்போது ஆலயம் தகர்க்கப்பட்டது. போருக்குப் பின் ஊரார் அதனை மீண்டும் எழுப்பினர். அப்பால் செல்லோலே என்னும் பழைய கல் ஆலயத்தைக் கடந்தால், சான் ஜிமிஞ்யானோவின் உயர்ந்த கோபுரங்கள் கண்ணுக்குப் புலப்படும். அவற்றுள் பெரும்பாலானவை ஆலயக் கோபுரங்கள் அல்ல. செல்வக் குடும்பங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு எழுப்பியவை. எழுபதுக்கு மேற்பட்டிருந்தவற்றுள் எஞ்சியவை ஏறத்தாழ 14.

அந்நகரம் போற்றும் அடியாள் ஃபீனா, செல்வத்தால் சிறந்தவள் அல்லள். நோயுற்று ஆண்டுக்கணக்கில் மரப்பலகையில் படுத்திருந்து, 1253-இல் இளம்பருவத்திலேயே மறைந்தவள். அவள் பெயரால் எழுந்த மருத்துவச்சாலை, களைத்து வந்த யாத்திரிகர்க்கும் ஏழைகளுக்கும் புகலிடமாயிற்று. அக்காலத்தில் இவ்வழி புறப்படுவோர் உயில் எழுதி வைத்துவிட்டே வீட்டைவிட்டு இறங்குவது வழக்கம். வழியில் நோயும் கள்வரும் வெள்ளமும் காத்திருந்தன. ஆகவே, எங்கே தங்குவது, எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்தல் பக்திக்குக் குறையென்று எவரும் கருதவில்லை. சிகெரிக்கின் பட்டியலும் தங்குமிடங்களின் கணக்கே அன்றோ?

இன்று செல்வோரும் அவ்வாறே எண்ணிப் புறப்பட வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரையும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் உகந்தவை. ஜூலை, ஆகஸ்டில் வெயில் கடுமை, நிழல் குறைவு. மழை பெய்த மறுநாள் களிமண் காலணியில் அப்பிக்கொள்ளும். அன்று தவிர்ப்பது நன்று. தண்ணீர் கிடைக்கும் இடங்கள் அரிதாகையால் ஆளுக்கு இரண்டு லிட்டர் கொண்டு செல்லல் வேண்டும். புதுக் காலணியை அன்று முதன்முதலாக அணியலாகாது. இறக்கத்தில் முழங்காலுக்கே சோதனை; இரு கைக்கும் ஊன்றுகோல் இருந்தால் பாரம் குறையும். இரண்டு மாதங்களுக்கு முன்பிருந்தே நாள்தோறும் நடந்து பழகி, நீரிழிவும் இதயநோயும் உள்ளோர் மருத்துவரைக் கேட்டே துணிய வேண்டும். சிவப்பும் வெள்ளையுமாகத் தீட்டிய பட்டைகள் வழிகாட்டும். அவசர உதவிக்கு 112.

காஸ்தெல்ஃபியோரென்தீனோ ரயில் நிலையத்திலிருந்து காம்பாஸ்ஸிக்கும், சான் ஜிமிஞ்யானோவிலிருந்து போஜ்ஜிபோன்சி ரயில் நிலையத்துக்கும் பேருந்து உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் குறைவு, ஆதலால் நேர அட்டவணையை முன்னரே பார்த்துக்கொள்ளல் அவசியம். ஆலயங்கள் நண்பகலில் மூடப்படலாம். தோளும் முழங்காலும் மறைய உடுத்துதல் அங்கும் மரபு.

சைவ உணவினர் ரொட்டியும் தக்காளியும் பழமும் கையிற் கொள்வது எளிது. டஸ்கனி ரொட்டியில் உப்பு இராது. பயற்றுச் சாற்றில் இறைச்சி சேர்ந்திருக்கலாம். 'சென்சா கார்னே' எனில் இறைச்சியின்றி என்று பொருள். அவ்வூர் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியை உறையச்செய்ய விலங்கின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைப் பயன்படுத்துவது வழக்கமாதலின், நியமம் உடையோர் அதனை விலக்குவர்.

முழுத் தொலைவும் இயலாதோர் வாடகைக் காரில் பான்கோலே வரை சென்று, எஞ்சிய வழியை மட்டும் நடக்கலாம். காலை நடந்தவர் பான்கோலேயில் நடையை முடித்துக்கொள்ளவும் செய்யலாம். மனம் 'இன்னும் கொஞ்சம்' என்று உந்தும். கால் 'போதும்' என்று சொல்லும். அவ்வேளையில் காலின் சொல்லைக் கேட்பதற்கும் ஒரு பணிவு வேண்டும். உரோமாபுரிக்குப் புறப்பட்ட பண்டைய யாத்திரிகர் பலர் வழியிலேயே, ஏதோ ஒரு மருத்துவச்சாலையில் நின்றுவிட்டனர். அவர்களையும் அந்நாட்டு மக்கள் யாத்திரிகர் என்றே அழைத்து, அப்பெயராலேயே உபசரித்தனர்.