மூன்று வருடமாய் ஒரு திகதி

சமையலறை லாச்சிக்குள் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். மகள் பள்ளிக்கூடத்தில் பாதி எழுதிவிட்டுப் போட்ட கொப்பி. அதன் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருகிறேன்: எந்த நாள், எத்தனை மணி, ஆஸ்பத்திரியில் யாரோடு கதைத்தேன், என்ன சொன்னார்கள். இதுவரைக்கும் 47 அழைப்புகள். அவற்றில் 31 தடவை எனக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான். "நீங்கள் லிஸ்டில் இருக்கிறீர்கள்."

லிஸ்டில் எத்தனையாவது ஆள் என்று கேட்டால் அப்படிச் சொல்ல முடியாதாம். எந்த மாதம் என்று கேட்டால் அதுவும் சொல்ல முடியாதாம். இந்த வருடமா, வரும் வருடமா என்றாவது சொல்லுங்கோ என்று ஒருநாள் அழுதே விட்டேன். மறுமுனையில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை. "எனக்கும் தெரியாது, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள். அவளில் எனக்குக் கோபமில்லை. அவளுக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு 52 வயது. லண்டனுக்கு வந்து 24 வருடம். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம், எடை 104 கிலோ. ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, காலை எட்டு மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் நின்றபடி. பிரஷர் இருக்கிறது, கொலஸ்ட்ரோல் இருக்கிறது, நித்திரையில் மூச்சு நின்று நின்று வருகிற வருத்தம் இருக்கிறது. இரவில் முகத்தில் மாஸ்க் கட்டி, மெசின் தள்ளுகிற காற்றோடுதான் படுக்கிறேன். எடை குறைக்கும் ஒப்பரேஷனுக்கு நான் தகுதியானவள் என்று எங்கள் குடும்ப மருத்துவர், ஜீ.பி., சொன்னது 2022 செப்டம்பரில். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். அடுத்த வருடம் இந்நேரம் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பினேன்.

இங்கிலாந்தில் இதற்கு நாலு படி வைத்திருக்கிறார்கள். முதற்படி எல்லாருக்கும் பொதுவான அறிவுரை. இரண்டாவது 12 கிழமை வகுப்பு. மூன்றாவதில் விசேட மருத்துவர், சாப்பாட்டு ஆலோசகர், மனநல நிபுணர் எல்லோரும் பார்ப்பார்கள். நாலாவதில்தான் சத்திரசிகிச்சை நிபுணரின் முகத்தைக் காணலாம். ஆளைத் தயார்ப்படுத்தாமல் வயிற்றை வெட்டக்கூடாது என்பது எனக்கு விளங்குகிறது. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கிற விஷயம், அல்லது ஒரு முட்டையளவு பையை மட்டும் விட்டுக் குடலோடு தொடுக்கிற விஷயம். சாகும் வரைக்கும் விற்றமின் எடுக்க வேண்டும், வருடா வருடம் இரத்தம் சோதிக்க வேண்டும். இதற்கு மனதும் உடம்பும் ஆயத்தமாக வேண்டும்தான். ஆனால் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற முன்னம் ஒவ்வொரு தடவையும் வெளியே நிறுத்தி வைக்கிறார்களே, அந்தக் காலம் எந்தத் தயாரிப்பிலும் சேர்த்தியில்லை. அது வெறும் காலம். ஆஸ்பத்திரிகளில் 18 கிழமைக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று இந்த நாட்டில் ஒரு விதி இருக்கிறது. 12 கிழமை வகுப்புக்காகக் காத்திருந்த மாதங்களெல்லாம் அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை.

வகுப்பில் தந்த சாப்பாட்டு அட்டவணையில் பாண், சீரியல், அவித்த உருளைக்கிழங்கு எல்லாவற்றுக்கும் அளவு இருந்தது. புட்டுக்கு இல்லை, இடியப்பத்துக்கு இல்லை. எத்தனை இடியப்பம் ஒரு நேரத்துக்கு என்று கேட்டேன். நடத்திய பெண் தேடிப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னா, பிறகு வகுப்பு முடிந்துவிட்டது. நானே தராசு வாங்கி, பச்சை மாவை நிறுத்து, அவித்த பிறகும் நிறுத்துக் கணக்கெடுத்தேன். 12 கிழமையில் நாலு கிலோ குறைந்தேன். எட்டு மாதத்தில் அது திரும்பி வந்துவிட்டது. இது என் வாய்க்கொழுப்பு என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எடை குறைந்தவுடன் உடம்பு பசியைக் கூட்டும், செலவழிக்கும் சக்தியைக் குறைக்கும், இழந்ததை மீட்கப் பார்க்கும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில்தான் ஊறுகிறது. இரைப்பையை வெட்டி எடுக்கிற ஒப்பரேஷனில் அந்தப் பகுதியும் போய்விடுவது, பலருக்குப் பசியே மாறிப்போவதற்கு ஒரு காரணம். சுவீடனில் 1987இல் தொடங்கி, ஒப்பரேஷன் செய்த சுமார் 2,000 பேரையும் செய்யாத சுமார் 2,000 பேரையும் வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். செய்தவர்களிடையே மரணம் குறைவு என்று 2007இல் வெளியிட்டார்கள். இது அழகுக்குச் செய்கிற வேலையில்லை.

ஆனாலும் கலியாண வீட்டில் யாராவது ஒருவர் வந்து என் கையைப் பிடித்து, "பிள்ளை, வாயைக் கட்டினாக் காணும், எதுக்கு வெட்டுக்கொத்து?" என்பார். அன்பாகத்தான் சொல்கிறார்கள். அதைக் கேட்டபடி சாப்பாட்டு மேசையில் நான் என்ன எடுத்துப் போடுகிறேன் என்று பத்துப் பேர் பார்க்க, கோப்பையில் ஒரு அகப்பைச் சோறோடு இருந்துவிட்டு வீட்டுக்கு வருவேன்.

இனி அந்தக் கடிதத்தைச் சொல்கிறேன். மூன்றாம் படிக்கு என்னைப் பதிந்தது 2023 மே மாதம். பத்து மாதம் கழித்து, 2024 மார்ச் 14ஆம் திகதி ஒரு கடிதம் வந்தது. மார்ச் 11ஆம் திகதி காலை பத்து மணிக்கு வரச்சொல்லி. மூன்று நாள் பிந்தி வந்த கடிதம். உடனே எடுத்துச் சொன்னேன். பார்க்கிறோம் என்றார்கள். பிறகு இரண்டாவது கடிதம் வந்தது: நீங்கள் குறித்த நேரத்துக்கு வரவில்லை, ஆகவே உங்களைத் திரும்பவும் ஜீ.பி.யிடம் அனுப்பிவிட்டோம். "வரவில்லை." பத்து மாதம் தபாற்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்த என்னை, வராதவள் என்று எழுதி வைத்தார்கள். கடித உறையில் தபால் முத்திரைத் திகதி தெளிவாக இருந்தது. அதைப் படம் பிடித்து அனுப்பினேன். நோயாளர்களின் முறைப்பாட்டைக் கேட்கும் அலுவலகத்துக்கும் எழுதினேன். வருத்தம் தெரிவித்தார்கள். ஆனால் பழைய இடத்தைத் திருப்பித் தரவில்லை. ஓகஸ்டில் புதிதாகப் பதிந்தார்கள். அந்தப் பத்து மாதமும் என் கொப்பியில் மட்டும்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் சில வேலைகளைப் பழகிக்கொண்டேன். இதே வரிசையில் நிற்கிறவர்களுக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். எந்தக் கடிதமானாலும் ஜீ.பி.க்கும் ஒரு பிரதி போக வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வையுங்கள். திகதி கொடுக்கிற ஆளின் பெயரையும் நேரடித் தொலைபேசி இலக்கத்தையும் வாங்கி வையுங்கள். யாராவது வராமல் விட்டால் அந்த இடத்துக்கு வர நான் தயார், ஒரு நாள் அவகாசம் போதும் என்று பதியச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிவு செய்ய நோயாளிக்கு உரிமை இருக்கிறது. தூர இடமென்றாலும் குறைந்த காத்திருப்பு உள்ள இடத்தைக் கேட்கலாம். எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. இரண்டரை வருடம் போன பிறகு, பழைய வகுப்பில் பக்கத்தில் இருந்த பெண் சொல்லித்தான் தெரியும். அப்போது இங்கே பாதித் தூரம் வந்துவிட்டேன்.

ஊசி போடலாமே என்கிறார்கள். மவுஞ்சாரோ ஊசியை எடை குறைப்புக்கென்று ஜீ.பி. மூலம் கொடுக்கத் தொடங்கியது 2025 ஜூனில். தகுதியுள்ள எல்லோருக்கும் கொடுத்து முடிக்கப் 12 வருடம் வரை எடுக்கலாம் என்று திட்டம். முதல் வருடம் பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டியிருந்தது, எங்களைப் போன்ற தெற்காசியருக்கு 37.5. அதோடு ஐந்து நோய்களில் குறைந்தது நாலு இருக்க வேண்டியிருந்தது: சீனி வருத்தம், பிரஷர், இருதய நோய், கொலஸ்ட்ரோல், நித்திரை மூச்சடைப்பு. எனக்கு இருப்பது மூன்று. சீனி இன்னும் எல்லைக்கோட்டில் நிற்கிறது. அம்மம்மாவுக்குச் சீனியால் கால் விரல் எடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்த வருத்தம் வராமல் இருக்கத்தான் நான் மருந்து கேட்கிறேன். அது வந்த பிறகு தருகிறேன் என்றால் நான் எங்கே போய்ச் சொல்வது? காசு கொடுத்து வாங்கலாம் என்று பார்த்தால், ஆகக் கூடிய அளவு ஊசியின் அடிப்படை விலை 2025 செப்டம்பரில் மாதம் 122 பவுணிலிருந்து 330 பவுணாக ஏறிவிட்டது.

முழங்காலும் இதே கதைதான். தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டிவரும் என்றார்கள். ஆனால் முதலில் எடையைக் குறைத்துக்கொண்டு வரட்டாம். உடற்பருமனைக் காரணம் காட்டி மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கு அனுப்பாமல் விடக்கூடாது என்று இந்த நாட்டின் வழிகாட்டி நெறியே 2022இல் சொல்லியிருக்கிறது. அதையும் அச்செடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். எடைக்குப் பொறுப்பானவர்கள் காத்திருக்கச் சொல்கிறார்கள், முழங்காலுக்குப் பொறுப்பானவர்கள் எடையைக் குறைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள், நடுவில் நான் பள்ளிக்கூடச் சமையலறையில் பாரப் பாத்திரம் தூக்கிக்கொண்டு நிற்கிறேன்.

துருக்கிக்குப் போய்ச் செய்துகொண்டு வா என்று என் மனுசனின் சொந்தக்காரப் பிள்ளை விளம்பரம் அனுப்பினா. இங்கே தனியாரிடம் பத்தாயிரம் பவுணுக்குக் குறையாமல் கேட்டார்கள், அங்கே மூவாயிரம். இரண்டு இரவு அந்த விளம்பரத்தைப் பார்த்தபடி இருந்தேன். தைத்த இடத்தில் கசிவு வந்தால் அது பெரும்பாலும் முதல் நாட்களிலோ கிழமைகளிலோதான் வரும். அதற்குள் நான் திரும்பி வர விமானம் ஏறியிருப்பேன். பிறகு யார் பார்ப்பது? வேண்டாம் என்று விட்டேன். போனவர்களைக் குறை சொல்லமாட்டேன். இவ்வளவு காலம் கதவடியில் நிறுத்தி வைத்தால் மனிதர் வேறு கதவைத் தேடத்தான் செய்வார்கள்.

2025 ஜூலையில் கடைசியாக நாலாம் படிக்கு வந்துவிட்டேன். டொக்டர் கையைக் குலுக்கி, எல்லாம் சரி, உங்களை லிஸ்டில் போடுகிறேன் என்றார். அன்றிலிருந்து தேக்கரண்டியால் சாப்பிடப் பழகுகிறேன். ஒவ்வொரு வாயையும் இருபது தரம் மென்று, சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல், அரை மணித்தியாலம் விட்டுக் குடிக்கிறேன். ஈரல் சுருங்குவதற்காக ஒப்பரேஷனுக்கு முன் இரண்டு கிழமை பாலும் தயிருமாக இருக்க வேண்டும், அதற்கும் மனதைத் தயார் செய்து வைத்திருக்கிறேன். காத்திருக்கும் காலத்தில் எடை கூடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனபடியால் ஒவ்வொரு திங்களும் தராசில் ஏறும்போது நெஞ்சு அடிக்கிறது. எத்தனை திங்கள் என்று தெரிந்தால் இதைத் தாங்கலாம். ஆறு மாதமென்றால் ஆறு மாதம், ஒன்றரை வருடமென்றால் ஒன்றரை வருடம். வேலையிடத்தில் லீவு சொல்லி வைப்பேன், மகளின் பரீட்சையோடு முட்டாமல் பார்ப்பேன்.

அம்மா ஊரில், கொக்குவிலில் தனிய இருக்கிறா. 81 வயது. நான் கடைசியாகப் போனது 2019இல். இந்தத் தைக்கு ரிக்கற் போட நினைத்து, போடாமல் விட்டேன். மூன்று கிழமை அங்கே நிற்கும்போது இங்கே இருந்து அழைப்பு வந்து, நான் எடுக்காமல் விட்டால் திரும்பவும் "வரவில்லை" என்று எழுதிவிடுவார்கள் என்ற பயம். போன ஞாயிறு வட்ஸ்அப்பில் வந்தா. பொங்கலுக்கு வருவாயோ என்று கேட்டா. லிஸ்டில இருக்கிறன் அம்மா, கூப்பிட்டால் போகவேணும் என்றேன். எப்ப கூப்பிடுவினம் என்று கேட்டா. தெரியாது என்றேன். அம்மா கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. பிறகு, "சரி மோனை, நான் இருக்கிறன், நீ முடிச்சுக்கொண்டு வா" என்றா.

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக்கு எடுத்தேன். அதுதான் 47ஆவது.