பறக்கும் நாயகனும் தரையில் நிற்கும் தொழிலாளியும்

வீடியோ கேம் என்றதும் நம்மில் மூத்தவர்கள் பலருக்கு இரண்டு எண்ணங்களே எழுகின்றன. ஒன்று, பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது. மற்றொன்று, வீட்டுப் பணம் கரைகிறது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் ஒரு தலைமுறையே தனது ஓய்வு நேரத்தின் பெரும் பகுதியைச் செலவிடும் கலை வடிவத்தை, இந்த இரண்டு வாக்கியங்களோடு முடித்துக்கொள்வது இடதுசாரி இயக்கத்துக்கு அழகல்ல. நாடகமும் திரைப்படமும் மக்களிடம் பரவியபோது நாம் அவ்வாறு விலகி நிற்கவில்லை. கேம்களை மட்டும் ஏன் சந்தையிடம் விட்டுவிட வேண்டும்?

இங்கே எடுத்துக்கொள்வது ஒரு குறிப்பிட்ட வகையை. பெரிய நகரம் ஒன்று கண்முன் விரிந்து கிடக்கும். விளையாடுபவர் எந்தத் தெருவுக்கும் செல்லலாம், எந்தக் கூரையிலும் ஏறலாம். அவருடைய நாயகனுக்கு மனித ஆற்றலை மீறிய சக்திகள் உண்டு. 2007இல் வந்த ‘கிராக்டவுன்’, 2009இல் வந்த ‘இன்ஃபேமஸ்’, ‘புரோட்டோடைப்’, 2013இல் வந்த ‘செயின்ட்ஸ் ரோ 4’, 2018இல் வந்த ‘ஸ்பைடர்மேன்’ ஆகியவை இவ்வகையின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகள். இவற்றைப் பற்றி விளையாடுவோர் சொல்லும் கருத்துகளைக் கவனித்தால், அவை வெறும் பொழுதுபோக்கு அரட்டை அல்ல என்பது புரியும்.

விளையாடுவோர் எழுப்பிய கேள்விகள்

‘செயின்ட்ஸ் ரோ 4’ ஆட்டத்தைப் பற்றி விளையாடியவர்கள் பரவலாகச் சொன்ன குறை ஒன்று உண்டு. நாயகனுக்கு ஓடவும் தாவவும் அசுர சக்தி கிடைத்த பிறகு கார்களுக்கு வேலையே இல்லை; தெருக்கள் பொருளற்றுப் போயின. இது கேம் வடிவமைப்பைப் பற்றிய குறைதான். ஆனால் அதற்குள் ஓர் அரசியல் உண்மையும் இருக்கிறது. பறப்பவனுக்குச் சாலை தேவையில்லை. சாலை தேவைப்படாதவனுக்குச் சாலையில் நடப்பவர்களும் தேவையில்லை. நகரம் அவனுக்கு வெறும் பின்னணியாகிவிடுகிறது. ‘புரோட்டோடைப்’ ஆட்டத்தில் மன்ஹாட்டன் வீதிகளில் நடமாடும் மக்களைக் கொன்று விழுங்கினாலும் நாயகனுக்குப் பெரிய இழப்பு எதுவும் நேர்வதில்லை என்பது அந்தப் போக்கின் உச்சம்.

‘இன்ஃபேமஸ்’ நாயகனின் தொழில் குறிப்பிடத்தக்கது. சைக்கிளில் பொட்டலம் கொண்டுபோய்ச் சேர்க்கும் தொழிலாளி அவன். அவன் சுமந்து சென்ற பொட்டலமே வெடித்து நகரம் சிதைகிறது. அவனுக்கு மின்சார சக்தி வாய்க்கிறது. அதன் பிறகு விளையாடுபவர் நல்லவனாகவும் இருக்கலாம், தீயவனாகவும் இருக்கலாம். இரண்டில் ஒன்றின் எல்லைக்குச் சென்றால்தான் உயர்ந்த சக்திகள் கிடைக்கும். இடைப்பட்ட மனிதனாக இருந்தால் கிடைக்காது. இது அறத்தை அளவுகோலாகச் சுருக்கிவிடுகிறது என்று விளையாடியவர்கள் பலர் குறைகூறினர். நியாயமான குறைதான். அதனோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பொட்டலம் சுமக்கும் தொழிலாளி தன் சக தொழிலாளிகளோடு சேர்ந்து எதையாவது செய்யும் வழி அந்த ஆட்டத்தில் ஏன் இல்லை? நல்லவனானாலும் தீயவனானாலும் அவன் தனியன். மக்கள் கைதட்டுவார்கள், அல்லது கல்லெறிவார்கள். கூடி முடிவெடுக்க மாட்டார்கள்.

‘ஸ்பைடர்மேன்’ ஆட்டத்தில் நாயகன் நியூயார்க் காவல்துறையின் கண்காணிப்புக் கோபுரங்களை ஒவ்வொன்றாகப் பழுதுநீக்கிக் கொடுக்கிறான். நகரம் முழுவதையும் உளவு பார்க்கும் ஏற்பாட்டுக்கு நம் விருப்ப நாயகன் கையாளாகலாமா என்ற விவாதம் அப்போது எழுந்தது. அதே சோனி நிறுவனம் 2014இல் வெளியிட்ட ‘இன்ஃபேமஸ் செகண்ட் சன்’ ஆட்டத்தில் நாயகன் சியாட்டில் நகரில் அரசின் கண்காணிப்புக் கருவிகளை உடைத்தெறிகிறான். உடைப்பதையும் விற்கலாம், பொருத்துவதையும் விற்கலாம். மூலதனத்துக்குக் கொள்கை கிடையாது, விற்பனைதான் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

இவ்வகையில் கசப்பான உண்மையைத் துணிந்து சொன்னது ‘கிராக்டவுன்’. மூன்று குற்றக் கும்பல்களை ஒழிக்கும் அதிமனித முகவனாக ஆட்டம் முழுவதும் நாம் உழைக்கிறோம். முடிவில், அந்தக் கும்பல்களை வளரவிட்டதே தங்கள் அமைப்புத்தான் என்று அதன் தலைவர் ஒப்புக்கொள்கிறார். மக்கள் அஞ்சினால்தான் இரும்புக் கரத்தை வரவேற்பார்கள் என்பது அவர்களது கணக்கு. அச்சத்தை உற்பத்தி செய்து அதிகாரத்தை அறுவடை செய்யும் அரசியலை நம் நாட்டிலும் கண்டுவருகிறோம். ஆகவே கேம் என்றாலே மூளைச்சலவை என்று ஒதுக்குவது சரியன்று. அதற்குள்ளும் முரண்பாடுகள் உண்டு. அவற்றை விளையாடுவோர் அடையாளம் காண்கிறார்கள்.

கருத்து மதிப்பெண்ணாகிறது, மதிப்பெண் ஆயுதமாகிறது

ஆனால் நிறுவனங்கள் இந்தக் கருத்துகளை எப்படிப் பயன்படுத்துகின்றன? விவாதமாக அல்ல, எண்ணாக. 2010இல் வந்த ‘ஃபால்அவுட் நியூ வேகஸ்’ ஆட்டத்தை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு, விமர்சகர் மதிப்பெண்களின் சராசரி 85ஐத் தொட்டால்தான் ஊக்கத்தொகை என்று வெளியீட்டாளர் நிபந்தனை வைத்திருந்தார். கிடைத்தது 84. ஒரு மதிப்பெண்ணில் தொகை கைநழுவியது. இதை அந்நிறுவனத்தைச் சேர்ந்தவரே 2012இல் வெளியே சொன்னார். உழைப்புக்கான ஊக்கத்தொகை, உழைத்தவர்களின் கட்டுப்பாட்டில் இல்லாத ஓர் எண்ணில் தொங்கியது.

அதிசக்தி நாயகர்களைப் படைத்தவர்களின் கதி என்னவாயிற்று என்று பாருங்கள். ‘கிராக்டவுன்’ ஆட்டத்தைச் செய்த ஸ்காட்லாந்தின் ரியல்டைம் வேர்ல்ட்ஸ் நிறுவனம், அடுத்த கேம் வெளியான இரண்டே மாதங்களில், 2010 ஆகஸ்டில் திவால் நடவடிக்கைக்குள் சென்றது. ‘புரோட்டோடைப்’ செய்த கனடாவின் ராடிக்கல் நிறுவனத்தில், இரண்டாம் பாகம் வெளிவந்த இரண்டு மாதங்களில், 2012 ஜூனில் பெரும்பாலோரை ஆக்டிவிஷன் வெளியேற்றியது. ‘செயின்ட்ஸ் ரோ’ வரிசையைப் படைத்த வொலிஷன் 1993இலிருந்து இயங்கிய நிறுவனம். அதன் உரிமையாளரான எம்ப்ரேசர் குழுமம் எதிர்பார்த்திருந்த 200 கோடி டாலர் ஒப்பந்தம் 2023 மே மாதத்தில் கைநழுவியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று வொலிஷன் மூடப்பட்டது.

இவையெல்லாம் விற்பனை குறைந்ததால் நேர்ந்தவை என்று சிலர் சொல்லலாம். அப்படியானால் விற்பனை குவிந்த இடத்தில் என்ன நடந்தது? ‘ஸ்பைடர்மேன் 2’ 2023 அக்டோபரில் வெளியானது. முதல் 24 மணி நேரத்தில் 25 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. நான்கு மாதங்கள் கழித்து, 2024 பிப்ரவரியில், சோனி தனது கேம் பிரிவில் சுமார் 900 பேரைப் பணிநீக்கம் செய்வதாக அறிவித்தது. அது மொத்தப் பணியாளர்களில் 8 சதவீதம். அந்த ஆட்டத்தைப் படைத்த இன்சோம்னியாக் நிறுவனத்தினரும் அதில் அடக்கம். தோற்றாலும் வேலை போகிறது, வென்றாலும் வேலை போகிறது. நகரத்தைக் காப்பாற்றும் நாயகனால் தன்னைப் படைத்தவரின் வேலையைக் காப்பாற்ற முடியவில்லை.

காப்பாற்றியது எது? சங்கம்தான். அமெரிக்காவில் ரேவன் நிறுவனத்தின் சோதனைப் பணியாளர்கள் 2022 மே மாதத்தில் வாக்களித்துச் சங்கம் அமைத்தனர். 2023 ஜனவரியில் ஜெனிமேக்ஸ் நிறுவனத்தின் சுமார் 300 சோதனைப் பணியாளர்கள் அவர்களைப் பின்தொடர்ந்தனர். குரல் கொடுக்கும் கலைஞர்களும் உடலசைவு நடிகர்களும், செயற்கை நுண்ணறிவு தங்கள் குரலையும் உடலையும் திருடக் கூடாது என்று 2024 ஜூலை 26 முதல் ஏறத்தாழ ஓராண்டு வேலைநிறுத்தம் செய்து பாதுகாப்பு விதிகளை வென்றெடுத்தனர். எதிர்ப்பும் கடுமையாகவே இருக்கிறது. 2025 அக்டோபரில் ராக்ஸ்டார் நிறுவனம் பிரிட்டனிலும் கனடாவிலும் முப்பதுக்கு மேற்பட்டோரை வெளியேற்றியது. இரகசியத்தை மீறினார்கள் என்கிறது நிறுவனம். சங்கத்தை உடைக்கும் முயற்சி என்கிறது தொழிற்சங்கம்.

இது எங்கோ நடக்கும் கதையன்று. பெங்களூரில் 1997இல் தொடங்கப்பட்டு, உலக கேம்களுக்கு ஓவிய வேலை செய்துவந்த துருவா நிறுவனத்தை 2019இல் வாங்கியது இதே ராக்ஸ்டார்தான். 2025 பிப்ரவரியில் பிரெஞ்சு நிறுவனமான டெக்னிகலர் சரிந்தபோது பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கான இந்தியக் கலைஞர்கள் ஒரே நாளில் நடுத்தெருவுக்கு வந்தனர். மரங்களும் சுவர்களும் வாகனங்களுமாக அந்தத் திறந்த நகரங்களை நிரப்பும் நுணுக்க வேலையில் நம் நாட்டுப் பிள்ளைகளின் கைகளும் உண்டு.

வடகரப்பதியின் கணக்கு

இனி நம் ஊருக்கு வருவோம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், வேலந்தாவளத்தைத் தாண்டினால் கோவை மாவட்டம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது வடகரப்பதி ஊராட்சி. தமிழ் பேசுவோர் மிகுந்த, மழை மறைவுப் பகுதியான இங்கே, ஆழியாற்றுத் தண்ணீருக்காக விவசாயிகள் ஆண்டுதோறும் குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது.

‘ஸ்பைடர்மேன் 2’ இந்தியாவில் 4,999 ரூபாய்க்கு விற்கப்பட்டது. 2025-26ஆம் ஆண்டுக்குக் கேரளத்துக்கு நிர்ணயிக்கப்பட்ட நூறு நாள் வேலைத் திட்டக் கூலி நாளொன்றுக்கு 369 ரூபாய். ஒரு கேமுக்கு 14 நாள் கூலி வேண்டும். அதை ஓட்டும் பிளேஸ்டேஷன் 5 கருவி வெளியானபோதே 49,990 ரூபாய். பின்னர் 54,990 ஆனது. நூறு நாளும் முழுமையாக வேலை கிடைத்து, ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தாலும் 36,900 ரூபாய்தான் தேறும். ஆகவே வடகரப்பதியிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு தோட்டக் குடியிருப்புகளிலும் உள்ள உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டங்கள் பெரும்பாலும் விளையாடக் கிடைப்பதில்லை. பிறர் விளையாடுவதை அலைபேசியில் பார்க்கத்தான் கிடைக்கிறது.

அவர்கள் கையில் எஞ்சுவது இலவசம் என்று சொல்லி வரும் அலைபேசி ஆட்டங்கள். விளம்பரமும், நாயகனுக்கு உடையும் ஆயுதமும் வாங்கச் சொல்லும் சிறுசிறு விற்பனைகளும் அவற்றின் உயிர்நாடி. பணம் உள்ளவனுக்கு முழுமையான உலகம். இல்லாதவனுக்கு ஆசை காட்டும் கடை. மேலே சொன்ன ஆட்டங்களில் ஒன்றுகூடத் தமிழில் பேசுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தடை மட்டும் போதுமா?

அரசுகள் இதுவரை செய்தவை பெரும்பாலும் தடைகளே. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி தடை செய்யப்பட்டது. எல்லைப் பதற்றத்தை ஒட்டிய முடிவு அது. பணம் வைத்து ஆடும் இணைய ரம்மியைத் தடுக்கக் கேரள அரசு 2021 பிப்ரவரியில் பிறப்பித்த அறிவிக்கையை, அதே ஆண்டு செப்டம்பரில் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாடு 2022இல் தனிச் சட்டம் இயற்றியது. நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பண விளையாட்டுகளுக்குத் தடை விதித்த அதன் விதிகளை 2025 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்றது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு, அமளிக்கு இடையே குரல் வாக்கெடுப்பில், இணையப் பண விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

ஏழைக் குடும்பங்களைச் சூறையாடும் சூதாட்டத்தைத் தடுப்பது தேவை. அதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் சூதாட்டமும் கேமும் ஒன்றல்ல. சூதாட்டத்தைத் தடுத்துவிட்டதால் கேம் உலகத்தின் உழைப்புச் சுரண்டலோ, சிறுவர்களைக் குறிவைக்கும் விற்பனையோ, தனிமனித வழிபாட்டுக் கதைகளோ மறைந்துவிடா. அவற்றுக்குத் தடை மருந்தல்ல, மாற்றுதான் மருந்து.

அந்த மாற்றுக்கான விதை கேரளத்தில் ஏற்கெனவே தூவப்பட்டிருக்கிறது. அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளைக் கொண்டுவந்த மாநிலம் இது. 2018இல் இடது ஜனநாயக முன்னணி அரசு தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களில், உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அசைவூட்டமும் நிரலாக்கமும் கற்று, சிறிய கேம்களைத் தாங்களே செய்கிறார்கள். 2023 ஜூனில் தொடங்கிய கே-ஃபோன் திட்டம், இணையத்தை ஏழை வீடுகளுக்கும் உரிமையாக்கும் நோக்கம் கொண்டது. இவற்றின் பலன் எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய மொழியிலேயே, முழு அளவில் வந்துசேர வேண்டும் என்பதே நம் கோரிக்கை. தமிழ்வழிப் பள்ளிகளில் இம்மன்றங்களுக்குத் தமிழ்ப் பயிற்சி நூல்களும், தமிழறிந்த பயிற்றுநர்களும் வேண்டும்.

வாலிபர், மாணவர் அமைப்புகளுக்கும் வேலை இருக்கிறது. நூலகங்களில் திரைப்படம் காட்டி விவாதித்த மரபு நமக்குண்டு. அதே நூலகத்தில் ஒரு பொதுக் கருவியை வைத்து, ஓர் ஆட்டத்தைக் கூடி விளையாடி, கூடி விவாதிக்கலாம். கண்காணிப்புக் கோபுரத்தை நாயகன் ஏன் சரிசெய்கிறான், கும்பலை வளர்த்தது யார், இதைச் செய்தவர்கள் இன்று எங்கே என்ற மூன்று கேள்விகள் போதும், ஒரு நல்ல அரசியல் வகுப்பு தொடங்கிவிடும். கேம் துறையில் வேலைக்குச் செல்லும் நம் இளைஞர்களுக்குத் தகவல் தொழில்நுட்பத் துறைத் தொழிற்சங்கங்களின் கதவைக் காட்டுவதும் இதன் தொடர்ச்சியே.

2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் வீதிக்கு வந்து அமர்ந்தார்கள். அவர்களில் யாருக்கும் பறக்கத் தெரியாது. கையில் மின்னல் எழாது. ஆயினும் கூட்டாக உட்கார்ந்து, மறுக்கப்பட்ட 20 சதவீத போனஸை நிர்வாகத்திடமிருந்து பெற்றார்கள். எந்தத் திறந்த உலக ஆட்டமும் இன்னும் கற்பனை செய்யாத சக்தி அது. அந்தக் கதையை ஒரு கேமாகச் செய்யும் பிள்ளை, வடகரப்பதியின் ஏதோ ஒரு வகுப்பறையில் இன்று அமர்ந்திருக்கலாம். கணினியும் மொழியும் அந்தக் கைகளுக்குக் கிடைக்கச் செய்வது நம் கடமை.